கரு தங்கவில்லை என்றால் கணவனும் ரத்தம் கொடுக்க வேண்டும்

என் அக்காவுக்கு மூன்றாவது முறையும் கரு கலைந்தபோது, வீட்டுக்கு வந்துபோன ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வந்தது, மாடியேறித் துணி காயப்போட்டது, யார் வீட்டிலோ சாப்பிட்ட பப்பாளித் துண்டு, கிரகணத்தன்று வாசலுக்கு வந்தது. எல்லாமே அக்கா செய்தவை, இல்லாவிட்டால் செய்யாமல் விட்டவை. அத்தானைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் காரணம் அகப்பட்டது அத்தானின் ரத்தத்தில். அவர் மேலும் எந்தத் தப்பும் கிடையாது. பிறக்கும்போதே உடம்போடு வந்த ஓர் அமைப்பு அது, 35 வருஷமாக அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காதது.

அது தெரியவர எங்களுக்கு நான்கு வருஷம் ஆயிற்று. அவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதே இல்லை, அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு தடவை கரு கலைவது அபூர்வம் இல்லை. 100 கர்ப்பங்களில் 10 முதல் 15 வரை கலைகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். நம் ஊரில் இதை யாரும் வெளியே பேசுவதில்லை, அதனால் ஒவ்வொரு பெண்ணும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறாள். அக்காவுக்கு நடந்த பிறகுதான் எங்கள் பெரியம்மா தனக்கும் இரண்டு போயிருக்கிறது என்று முதல்முறையாக வாய் திறந்தார். திரும்பத் திரும்பக் கலைவது வேறு, அது 100 தம்பதிகளில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். எத்தனை முறை ஆனால் பரிசோதனை என்பதில் மருத்துவ அமைப்புகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்க, ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கங்கள் இரண்டு என்கின்றன, பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி மூன்று என்கிறது. என்னைக் கேட்டால் இரண்டே போதும். மூன்றாவதையும் ஒரு பெண் பட்டுவிட்டு வரட்டும் என்று காத்திருப்பதில் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை, அதுவும் 35 வயதை நெருங்குகிறவர் என்றால்.

சரி, ஏன் கலைகிறது? முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில், மரபணுக்களைச் சுமக்கிற இழைகளான குரோமோசோம்களின் எண்ணிக்கையே தவறாக இருக்கிறது. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23, ஆக 46 என்பது கணக்கு. முட்டை தயாராகும்போது பிரிய வேண்டிய ஒரு ஜோடி பிரியாமல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் கருவில் 47 ஆகிவிடும். 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடினால் டவுன் சிண்ட்ரோம், அந்தக் குழந்தை பிறந்து வாழ முடியும். 16ஆவது கூடினால் முடியாது, கலைந்த கருக்களில் அதிகமாகக் கூடுதலாக இருப்பது அந்த 16தான். எக்ஸ் குரோமோசோம் ஒன்று குறைந்து 45 ஆகிப் போவதும் நிறைய. சிலவற்றில் முழுத் தொகுதியே ஒன்று கூடி 69 ஆகிவிடுகிறது. இதை வாழையை வைத்துப் புரிந்துகொள்வது நமக்குச் சுலபம். திருவையாற்றுப் படுகையில் விளைகிற பூவனிலும் ரஸ்தாளியிலும் ஏன் விதை இல்லை? அவற்றில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டுக்குப் பதில் மூன்று, ஜோடி சேர்ந்து சமமாகப் பிரிய வழியில்லை, அதனால் விதை பிடிப்பதில்லை. வாழைக்குப் பக்கக்கன்று இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். மனிதக் கரு பிழைக்காது.

இந்தப் பிழை முட்டை உருவாகும்போதோ விந்து உருவாகும்போதோ இரண்டும் சேரும் நேரத்திலோ நடந்து முடிந்துவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அக்காவுக்கே தெரிவதற்கு முன்னால். அதற்கப்புறம் ஸ்கூட்டியில் போனதும் போகாததும், மாடி ஏறியதும் ஏறாததும் அந்தக் கணக்கை மாற்றாது. இதை எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேரிடமும் உட்காரவைத்துச் சொல்ல எனக்கு ஆசை.

வயதுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பாதிப் பிரிவில் நின்று, வருஷக்கணக்காகக் காத்திருக்கின்றன. காத்திருக்கும் காலம் நீள நீள, ஜோடிகளைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பு தளர்ந்துபோகிறது. 20களில் 100க்கு 10 என்றிருந்த கருச்சிதைவு 40ஐத் தாண்டினால் மூன்றில் ஒன்றுக்கும் மேலே போய்விடுகிறது. இது யாரும் சம்பாதித்துக்கொண்ட குறை இல்லை, உடம்பின் அமைப்பு அப்படி.

இங்கே பலருக்குத் தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயம் இருக்கிறது. கலைந்த கருவைச் சோதித்து அதில் குரோமோசோம் எண்ணிக்கை தவறு என்று வந்தால், அது ஒரு வகையில் ஆறுதலான செய்தி. அந்தக் கர்ப்பம் ஏன் நிற்கவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது, பெரும்பாலும் அது அந்த ஒரு முறை நேர்ந்த பிழை, அடுத்தது நல்லபடியாக நிற்க வாய்ப்பு அதிகம். சோதனையில் கரு சரியாக இருந்து, அப்படியும் திரும்பத் திரும்பக் கலைகிறது என்றால்தான் கர்ப்பப்பை, தைராய்டு, ரத்தம் உறைதல் என்று வேறு பக்கம் இன்னும் தீவிரமாகத் தேட வேண்டும்.

ஆனால் கலைந்த கருவை இங்கே எத்தனை பேர் சோதிக்கிறார்கள்? அக்காவுக்கு மூன்று முறை டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது, ஆனது. முதல் இரண்டு முறை திசு என்ன ஆனது என்றே எங்களுக்குத் தெரியாது, கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. மூன்றாவது முறை நாங்களே கேட்டு வாங்கினோம், ஆனால் அதைத் திசு கெடாமலிருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலினில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். குரோமோசோம் பார்க்க உயிரோடிருக்கும் செல் வேண்டும், அதை ஆய்வகத்தில் வளர்த்துத்தான் பார்ப்பார்கள், ஃபார்மலின் பட்ட நிமிஷமே செல் செத்துப்போகும். திசுவைச் சுத்தமான சலைன் பாட்டிலில் போட வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, ஓரிரு நாளுக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தஞ்சாவூரிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ சாயங்காலம் அனுப்பினால் மறுநாள் சென்னையில் கிடைத்துவிடும், தூரம் ஒரு தடையே இல்லை. யாராவது முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான். டி அண்ட் சிக்கு உள்ளே அழைத்துப் போகும் முன் கூட இருப்பவர் போய், "திசுவை குரோமோசோம் டெஸ்ட்டுக்கு அனுப்பணும், சலைன்ல போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அந்தப் பெண்ணால் கேட்க முடியாது. வளர்க்க முடியாத திசுவிலும் மைக்ரோஅரே என்ற முறையில் டிஎன்ஏவைப் பார்க்கலாம், ஆனால் ஃபார்மலின் பட்டால் அதுவும் சிரமம்.

இன்னொன்று, அறிக்கையில் "46, எக்ஸ்எக்ஸ்", அதாவது சரியான எண்ணிக்கையுள்ள பெண் கரு என்று வந்தால் கரு நன்றாக இருந்தது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. அம்மாவின் செல்லே கலந்து வளர்ந்துவிட்டதா என்று ஆய்வகம் பார்த்ததா எனக் கேட்க வேண்டும்.

இனி அத்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

குரோமோசோம்களைப் பத்திரங்களாக வைத்துச் சொல்கிறேன். ஒரு வீட்டில் எல்லாப் பத்திரங்களும் இரண்டு இரண்டு பிரதி இருக்கின்றன. ஒரு பிரதியைத் தைத்தவர் மூன்றாம் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களை எட்டாம் பத்திரத்திலும், எட்டாம் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களை மூன்றாம் பத்திரத்திலும் வைத்துத் தைத்துவிட்டார். வீட்டுக்காரரிடம் ஒரு பக்கம்கூடக் குறையவில்லை, எல்லாம் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்கும்போதுதான் சிக்கல், ஒவ்வொரு பத்திரத்திலும் ஒரு பிரதியைத்தான் கொடுக்க முடியும். சரியான இரண்டும் போனால் நல்லது. மாறித் தைத்த இரண்டும் சேர்ந்தே போனாலும் பக்கம் குறையாது, பிள்ளையும் அப்பா மாதிரியே இருப்பான். ஒன்று சரியானது, ஒன்று மாறித் தைத்தது என்று போனால் சில பக்கங்கள் கூடுதலாகவும் சில பக்கங்கள் இல்லாமலும் போய்விடும். அந்தக் கரு பெரும்பாலும் நிற்பதில்லை. நின்றால் குழந்தை குறைபாட்டோடு பிறக்கலாம்.

இதற்குப் பெயர் சமநிலை இடமாற்றம். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளை எடுத்தால் 100 ஜோடிகளில் 2 முதல் 5 ஜோடிகளில், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு இது இருக்கும். பெண்ணிடம் காணப்படுவது ஆணைவிட அதிகம், ஆனால் ஆணிடம் இருப்பது ஒன்றும் அரிது இல்லை. விந்து எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று வந்த அறிக்கை இதைப் பற்றி எதுவும் சொல்லாது. அத்தானுக்கு அப்படி ஓர் அறிக்கை முதல் வருஷமே வந்தது, "அவருக்கு ஒண்ணுமில்ல" என்று அத்தோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டோம்.

இதில் இன்னொரு வகை உண்டு, ராபர்ட்சோனியன் என்பார்கள். 13, 14, 15, 21, 22 இந்த ஐந்தில் ஏதாவது இரண்டு முழுசாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும், அதிகம் பார்ப்பது 13உம் 14உம். எண்ணினால் 45 என்று வரும், அறிக்கையைப் பார்த்து ஆளே குறையுள்ளவர் என்று பயந்துவிடுவார்கள், அப்படி ஒன்றும் இல்லை. மிக அபூர்வமாக 21ஓடு 21 என்பதுபோல் ஒரே எண்ணுள்ள இரண்டும் ஒட்டியிருந்தால் மட்டும் அவர் மூலம் சரியான எண்ணிக்கையில் கரு உருவாகவே வழியில்லை. அந்த ஒரு நிலையில் உண்மையை நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது, வருஷக்கணக்கில் முயற்சி செய்யச் சொல்லக் கூடாது.

பயப்பட வேண்டாத இன்னொரு வரியும் அறிக்கையில் வரும். 9ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு திரும்பியிருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அது நிறையப் பேருக்கு இருக்கிற இயல்பான வேறுபாடு, கரு கலைவதற்கு அதைக் காரணமாகச் சொல்வதில்லை.

சோதனை என்பது சாதாரண ரத்தம் எடுப்பதுதான், வெறும் வயிறு தேவையில்லை. கேரியோடைப்பிங் என்று கேட்டால் போதும். பச்சை மூடி போட்ட, ரத்தம் உறையாமல் வைக்கிற ஹெபாரின் மருந்துள்ள குழாயில் கொஞ்சம் ரத்தம். ஆய்வகத்தில் வெள்ளை அணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை பிரியப்போகும் சரியான நேரத்தில் நிறுத்தி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவார்கள். அப்படி நிறுத்தக் கோல்கிசின் என்ற பொருளோ அதன் வகையைச் சேர்ந்த மருந்தோதான் பயன்படுகிறது. அந்தக் கோல்கிசின் நம் வேதாரண்யம் பக்கம் வளர்கிற கண்வலிக்கிழங்கில், அதாவது செங்காந்தளில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் 30 வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள், 1956இல் ஸ்வீடனில் ட்ஜியோவும் லெவானும்தான் 46 என்று சரியாக எண்ணினார்கள், அவர்களுக்கும் கோல்கிசின் உதவியிருக்கிறது. எங்கள் வேலியோரத்துப் பூ.

முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். பிரிட்டன் மாதிரி இடங்களில் முதலில் கலைந்த திசுவைச் சோதித்து, அதில் துண்டு கூடியோ குறைந்தோ இருந்தால், இல்லாவிட்டால் திசு கிடைக்காவிட்டால், அப்புறம்தான் பெற்றோரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அது அங்கே சரி. திசுவே கைக்குக் கிடைக்காத நம் ஊரில் இருவருக்கும் ரத்தம் பார்ப்பதுதான் வழி. இருவருக்கும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து சொந்தத்தில் கட்டியது. அக்கா எங்கள் தூரத்துச் சொந்தத்தில்தான் கட்டியிருக்கிறாள், அதனால் இந்தப் பேச்சும் வந்தது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது, மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று. இதில் உண்மையான ஆபத்து இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே பழுதான மரபணுவைப் பெற்றிருந்தால், குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாகப் போக நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படி வரும் சில நோய்களில் கரு உடம்பெல்லாம் நீர் கோத்து ஐந்தாறு மாதத்திலோ அதற்குப் பிறகோ இறந்துபோகும், சிலவற்றில் பிறந்தபின் குழந்தை நோய்ப்படும். ஒரே மாதிரி இரண்டு முறை நடுமாதத்தில் நீர் கோத்துப் போயிருந்தால் கட்டாயம் ஒரு மரபியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவுக்குப் பதில் நீர்க்கொப்புளங்களாக வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பம் திரும்பத் திரும்ப வருகிறவர்களிலும் சிலருக்கு என்எல்ஆர்பி7 என்ற மரபணுவில் இப்படி இரட்டைப் பழுது இருக்கிறது. ஆனால் ஆறாம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் இதயத்துடிப்பு வராமல் கலைவதற்குச் சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. அத்தானுக்கு இருக்கிற மாதிரி இடமாற்றத்துக்கும் சொந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவர் ஆஸ்திரேலியாவில் போய்ப் பெண் எடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

மரபணுச் சோதனை என்ற பெயரில் எல்லாமே உபயோகமானவை இல்லை. எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவுக்கான ஒரு சோதனையை நிறையப் பேருக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். அதில் வரும் மாற்றம் மிகச் சாதாரணமானது, கரு கலைந்ததற்காக அதைப் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் அமெரிக்க மகப்பேறு மருத்துவச் சங்கம் சொல்கிறது. ரத்தம் உறையவைக்கும் பரம்பரை மாற்றங்களுக்காகத் தினமும் வயிற்றில் ஹெபாரின் ஊசி போடுவதும் அப்படித்தான். 2023இல் வெளியான அலைஃப்2 என்ற ஆய்வில் அந்த மாற்றம் இருந்து கருவும் கலைந்திருந்த 326 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் 100க்கு 72 பேருக்குக் குழந்தை பிறந்தது, போடாதவர்களில் 71 பேருக்கு. அக்கா இரண்டு கர்ப்பத்தில் தினமும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாள், வயிறெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தானாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் என்று வேறொரு பிரச்சினை இருக்கிறது, உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருளால் ரத்தம் உறைவது, அது பரம்பரையாக வருவதில்லை, அதற்கு ஹெபாரினும் ஆஸ்பிரினும் நிஜமாகவே பலன் தரும். அதை 12 வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை ரத்தம் பார்த்துத்தான் உறுதிசெய்வார்கள். உங்களுக்கு எதற்காக ஊசி என்று கேளுங்கள், இரண்டு முறை சோதித்தார்களா என்று பாருங்கள்.

இடமாற்றம் இருக்கிறது என்று தெரிந்தபின் என்ன? அக்காவும் அத்தானும் முதலில் நினைத்தது எல்லாம் முடிந்தது என்று. அப்படி இல்லை. நெதர்லாந்தில் இப்படிப்பட்ட தம்பதிகளைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2006இல் வந்தது, எந்தத் தனிச் சிகிச்சையும் இல்லாமலே 100க்கு 80க்கும் மேற்பட்டோருக்கு ஆரோக்கியமான குழந்தை ஒன்றாவது பிறந்திருந்தது. நடுவில் இழப்புகள் இன்னும் வரலாம், அதைத் தாங்க முடியுமா என்பதை அந்த இருவர்தான் சொல்ல வேண்டும், மாமியாரோ அம்மாவோ இல்லை. சோதனைக்குழாய் முறையில் கருவை உருவாக்கி, ஐந்தாம் நாள் சில செல்களை எடுத்துப் பார்த்து, சரியானதை மட்டும் வைக்கிற வழியும் இருக்கிறது. கலைவது குறையும். ஆனால் லட்சக்கணக்கில் செலவு, கடைசியில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு இயற்கையாக முயல்வதைவிடக் கூடுதல் என்று நிரூபணமாகவில்லை. நிலத்தை விற்று இதைச் செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு வரியை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இயற்கையாகக் கரு நின்றால், 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் துணுக்கையோ 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரையோ எடுத்துக் குரோமோசோம் பார்க்கலாம். பாலினம் சொல்வதைத் தடுக்கிற 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் இதெல்லாம் செய்யவே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டமே இரண்டு அல்லது அதற்கு மேல் கரு கலைந்தவர்களுக்குப் பதிவுபெற்ற மையத்தில் இந்தச் சோதனையை அனுமதிக்கிறது. குழந்தை ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் அம்மா இந்த நான்கு வருஷமும் திருக்கருகாவூருக்குப் போய்க்கொண்டிருந்தார், இப்போதும் போகிறார். பிரசாத நெய் வாங்கிவந்து அக்காவுக்குக் கொடுப்பார். நான் அதைத் தடுத்ததில்லை, அவருக்கு அது பிடிமானம். ஒருமுறை கூடப் போனபோது அந்தத் தலத்தின் கதையை முழுசாகக் கேட்டேன். கர்ப்பிணியான வேதிகை களைத்துப் படுத்திருக்கும்போது ஒரு முனிவர் பிச்சைக்கு வந்தார், அவள் எழுந்து வரவில்லை என்று சபித்தார், கரு கலைந்தது. அங்கேயும் பழி களைத்த பெண் மேல்தான். ஆனால் கர்ப்பரட்சாம்பிகை யார் தப்பு என்று விசாரிக்கவில்லை, கருவை எடுத்து ஒரு குடத்தில் வைத்துக் காப்பாற்றினாள். அம்மா இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், எனக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

கடைசியாக ஒரு விஷயம், எங்கள் வீட்டில் இன்னும் முடியாத விஷயம். அத்தானுக்கு இருப்பது அவருடைய அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், அவருடைய உடன்பிறப்பு ஒவ்வொருவருக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்கு ஒரு தங்கை, நீடாமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது, கல்யாணமாகி ஒரு வருஷம். வெளியே தெரிந்தால் பெண் வாழ்க்கை என்னாகும் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்ல வேண்டாம் என்றார்கள். அத்தான் இரண்டு மாதம் யோசித்தார். போன மாதம் தங்கையிடம், இது தொற்றிக்கொள்கிற விஷயம் இல்லை, நோயும் இல்லை, தெரிந்துவைத்துக்கொள் என்று தன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சொன்னார். தங்கையின் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் சேத்தே எடுத்துடலாம் மச்சான்" என்றாராம். இரண்டு குழாய் ரத்தமும் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது.